வாரநாள் கூட்டம்

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பதினேழு பேர். ஆராதனையே இல்லாத வாரநாட்களில் ஐம்பது பேர் ஆலய வாசலுக்குள் நுழைகிறார்கள்!

"நாம கொடுத்த நோட்டீஸ்தான் ஐயா," என்றார் சபைச் செயலாளர். "இத்தனை வருஷமா எட்டிப் பார்க்காத தெரு. இப்ப காய்கறிக்காரம்மா, டிராஃபிக் போலீஸ் பொண்ணு, கூரியர்காரங்க எல்லாரும் வர்றாங்க. உடனே தலைமைக்கு எழுதுங்க. சபையை மூடுற பேச்சையே எடுக்க மாட்டாங்க."

"வந்த அஞ்சு நிமிஷத்துல போயிடறாங்களே?"

"சுருக்கமான ஜெபம்."

போதகர் குழப்பத்தோடு வெளியே வந்தார். காய்கறி விற்கும் அம்மா திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க வந்ததுல உங்களுக்கு என்ன நன்மை?"

"நல்லா இருப்பீங்க ஐயா! இருபது வருஷமா இந்தத் தெருவுல கடை போடறேன். இப்பதான் பகல்ல பயமில்லாம தண்ணி குடிக்கிறேன்."

"தண்ணியா?"

போதகர் விழித்துக்கொண்டு நிற்கையில், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. பின்பக்க டாய்லெட் பூட்டு உடைஞ்சு மூணு வாரமாச்சு. உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்புதான். இதோ, பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டேன். இனிமே ஒரு ஆள் உள்ள வராது."

செயலாளரின் முகம் தொங்கிப்போனது. "அப்ப அறிக்கையில என்னத்தை எழுதறது?"

போதகர் நேராகப் பூட்டுக்காரரிடம் போனார்.

"பூட்டு வேண்டாம் தம்பி. உள்பக்கமா ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுங்க."