காலடியில் ஒரு பிரேக்

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்த்துவிட்டேன். சம்பந்தியும் பார்த்துவிட்டார். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

அவருடைய கார். ஓட்டுவது அவர். என் மகளைக் கட்டியவனின் அப்பா. பெண்ணைக் கொடுத்தவன் போய், பையன் வீட்டாரிடம் உங்கள் வண்டி கொதிக்கிறது என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். அப்படித்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள்.

சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். நாங்கள் போனது ஸ்கூல் காரில்தான். கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்காக, பக்கத்து சீட்டில் இருந்த என் காலடியிலும் ஒரு பிரேக். நானோ தையல்காரன், மெஷின் மிதித்துப் பழகிய கால். எங்கே அழுத்திவிடுவேனோ என்று, ஏறியதிலிருந்து காலை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம், வெளியூரில் தனிக்குடித்தனம் இருக்கும் மகள் போன் செய்திருந்தாள். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் அப்பா, என்னால் இங்கே இருக்க முடியாது என்றாள். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? நாளைக்கு வந்து பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

உடனே சம்பந்தியைக் கூப்பிட்டு, நாம் இரண்டு பெரியவர்களும் போய் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். ம் என்றார். மறுநாள் காரோடு வந்து வாசலில் நின்றார்.

கிளம்பும்போது என் மனைவி, அவளைக் கையோடு கூட்டிவந்து நிற்காதீர்கள், சமாதானம் பண்ணிவிட்டு வாருங்கள் என்றாள். அந்தப் பேச்சைத்தான் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் இந்த விளக்கு.

சம்பந்தி ஏசியை அணைத்தார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். பிறகு எதையோ திருகினார். முகத்தில் குப்பென்று அனல் அடித்தது.

ஹீட்டர்.

மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஹீட்டர் போடுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சூடு அதிகமா சம்பந்தி என்று கேட்டார். இல்லையில்லை, இதமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

சூடு காட்டும் முள் கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரு டீக்கடை வந்தது, நாக்கு வறண்டுவிட்டது என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். வரும்போது குடிக்கலாம் என்று இன்னும் அழுத்தி மிதித்தார்.

சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டு, இன்ஜினை அணை. தன் ஸ்கூலில் முதல் பாடமே அதுதான் என்று கல்யாணத்தன்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்ன மனிதர். என் முன்னால் நிறுத்தக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

கடைசியில் பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வேறு வழியில்லாமல் ஓரம் கட்டினார்.

பானெட்டைத் திறந்ததும், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். கொதிநீர் மூஞ்சியில் அடிக்குமாம். அரை மணி நேரமாவது ஆறவேண்டுமாம். ஹீட்டர் போட்டதுகூட இன்ஜின் சூட்டை உள்ளே இழுக்கத்தானாம். ஆக, எல்லாம் தெரிந்தேதான் ஓட்டியிருக்கிறார்.

தாமதமானதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நல்லதுதான் சம்பந்தி, நாம் போய்ச் சேருவதற்குள் அவளுக்கும் கோபம் ஆறிவிடும் என்றேன். என்ன பேசலாம் என்று ஒத்திகை பார்த்ததையும் சொன்னேன். அவர் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. மணிக்கட்டைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

தண்ணீர் கேன் இருக்குமா என்று நானே போய் டிக்கியைத் திறந்தேன். துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. கேன் இல்லை, டூல்ஸ் இல்லை, ஸ்டெப்னிகூட இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் ஸ்டெப்னி இல்லாமல் இவ்வளவு தூரம் கிளம்புவாரா? பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"பொண்ணோட பெட்டியெல்லாம் வைக்க இடம் வேணுமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் சமாதானம் பேச வரலை சம்பந்தி. காலையில பொண்ணு எனக்கு போன் பண்ணிச்சு. தினமும் வேலைக்குப் போறப்போ என் பையன் அவளை உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுத்தான் போறானாம். இன்னைக்கும் பூட்டிட்டுப் போயிருக்கான். மத்தியானம் சாப்பிட வருவான். அதுக்குள்ள நாம அங்க இருக்கணும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். மாற்றுச் சாவி அவரிடம் இருந்திருக்கிறது.

அவள் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கூட்டிப் போங்கள் என்றவளிடம் வந்து பேசுகிறேன் என்றவன் நான். அதற்கு மேல் என்னிடம் என்ன சொல்வாள்?

தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டி முடித்து, ஆவி பறக்கும் காரைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

தண்ணீர் வேண்டாம், எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

சம்பந்தி ஓடி வந்தார். காரை விட்டுவிட்டுப் போனால் அவ்வளவு பெட்டிகளையும் எதில் கொண்டுவருவது என்று தயங்கினார்.

"பெட்டி கிடக்கட்டும், ஏறுங்க சம்பந்தி" என்றேன்.