அறை காலியில்லை

வரவேற்பு மேசைக்குப் பின்னால் விடுதிக்காரர். எதிர் நாற்காலியில் தலையணை உறைகளை மடித்தபடி அவர் மனைவி. வாசல் பெஞ்சில், விருந்தினர் இறங்கி வரட்டும் என்று காத்திருக்கும் வண்டி ஓட்டுநர். மதிய வெயில் ஜன்னல் தட்டி வழியாகக் கோடுகோடாக மேசையில் விழுகிறது. விடுதிக்காரருடைய அக்காவின் கணவர் ஊரிலிருந்து எழுதிய கடிதம் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. அக்காவுக்கு முழங்கால் அடியோடு போய்விட்டதாம். இனிப் பயணமே கிடையாதாம். கடலையும் தம்பியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டவள். இந்த அயல்நாட்டில் விடுதி தொடங்கியதிலிருந்து அறை கேட்கும் எல்லோருக்கும் எழுதும் வாசகத்தையே அவளுக்கும் இவர் எழுதிவந்தார்: தற்சமயம் அறை காலியில்லை.

பதில் கடிதத்தை எழுதிய வரைக்கும் உரக்கப் படிக்கிறார். "தங்கள் உடல்நிலை அறிந்து மிகவும் வருந்துகிறோம்..."

"ஏங்க, கூடப் பொறந்தவங்களுக்கு எழுதுறீங்களா, ரூம் கேன்சல் பண்ணவங்களுக்கா?"

"கை பழகிப்போச்சு."

"அப்ப நேர்ல போய் வாயால பேசுங்க. பத்து நாள் நான் பாத்துக்க மாட்டேனா?"

"சீசன் நேரத்துல எப்படி..." மாடியில் யாருடைய அக்காவோ சிரிக்கிறாள். அவர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாளில் ‘அக்கா’ என்று தொடங்குகிறார். ‘உனக்கென்று ஓர் அறையை ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். உன் வீட்டில் எனக்குப் படுக்க இடமிருக்குமா?’

மனைவி பசை டப்பாவை அவர் பக்கம் நகர்த்துகிறாள். விருந்தினர் இறங்கி வருகிறார்கள். ஒட்டிய கடித உறை, ஈரம் காயுமுன்பே, தபாலில் சேர்க்கச் சொல்லி ஓட்டுநரின் சட்டைப்பைக்குள் போகிறது.