நிலம் கொடுத்த வேலை

"நெலத்த எழுதிக் குடுத்து வாங்குன வேலைடா அது! அத வுட்டுட்டு வூட்ல குந்திகினு புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப் போறியா?"

பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து வந்த சத்தத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த காந்திமதி அப்படியே நின்றுவிட்டாள். குரல் குமரவேலுடையதுதான். ஆனால் எதிரில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதராயிற்றே!

"ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் ஸ்கூலுக்குத்தான போவுது? உன் புள்ளைங்க மட்டும் என்னா, வானத்துலேருந்து குதிச்சதா?"

அதற்கு அவர் மனைவி பவித்ரா நிதானமாகப் பதில் சொன்னாள்.

"கோவப்படாம கேளுப்பா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா அதுங்க ஸ்கூலுக்குக் கெளம்பிட்டிருக்குதுங்க. செகண்ட் ஷிப்ட்னா தூங்கினப்புறம்தான் வர்றேன். சின்னவன் ஒருநாள், பூமிக்கு அடியில கரி எப்படி வந்துச்சுன்னு கேட்டான். எனக்குத் தூக்கம். டீச்சரக் கேளுன்னுட்டேன். அவங்க அம்பது புள்ளைங்கள வச்சுகிட்டு என்ன பண்ணுவாங்க, அப்புறம் சொல்றேன்னாங்களாம். இப்ப அவன் எதையுமே கேக்கறதில்லப்பா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

காந்திமதி ஈரத்துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் கணவர் தெய்வசிகாமணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பவித்ரா வேலைய விடப்போறாளாம்! புள்ளைங்கள வீட்லயே வச்சுப் படிக்க வைக்கப் போறாளாம்!"

"ஆஸ்பத்திரி வேலையவா? பர்மனென்ட் ஆச்சே! அவனவன் கான்ட்ராக்ட்ல கெடந்து அல்லாடிட்டிருக்கான்."

"அதுக்குத்தான் அவரு குதிக்கிறாரு. நெலக்கரி மைன்ஸுக்கு நெலம் குடுத்ததுக்கு வந்த வேலையாம்."

"யாரு குடுத்த நெலம்?"

"அவங்கப்பா குடுத்ததா இருக்கும்."

தெய்வசிகாமணி பேப்பரை மடித்தார். "மாமனார் நெலத்துக்கு இவன் ஏன் இந்தக் குதி குதிக்கிறான்?"

"அது மட்டுமா? பொண்டாட்டிய 'டா' போட்டுப் பேசறாருங்க."

"இப்பல்லாம் அப்படித்தான் கூப்புடுறாங்க. கொஞ்சறதுக்கு."

"இது கொஞ்சற மாதிரி தெரியல."

"சரி, நமக்கெதுக்கு அடுத்த வீட்டு வம்பு?" என்று சொன்ன தெய்வசிகாமணி, அவளுக்கு முன்பாகவே பின்பக்கச் சுவருக்குப் போய் காதை வைத்தார்.

குமரவேல் குரல் இன்னும் ஏறியிருந்தது.

"எக்ஸாம் எழுதுவானா? சர்டிபிகேட்டு எவன் குடுப்பான்?"

"பிரைவேட்டா எழுதலாம்ப்பா. எல்லாம் விசாரிச்சாச்சு."

"குவார்ட்டர்ஸு?"

"ஒருத்தர் சம்பளம் இருக்கு, குவார்ட்டர்ஸும் இருக்கும். கைய இறுக்கிப் புடிச்சா ஓட்டிடலாம்."

"நல்லாத்தான் பதில் சொல்றா," என்றார் தெய்வசிகாமணி மெதுவாக. காந்திமதி அவர் கையைக் கிள்ளி அடக்கினாள்.

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க. செரி, போ. வேலைய எழுதிக் குடுத்துட்டு வா. அந்த முந்திரித் தோப்பத் திருப்பிக் குடுப்பாங்களா? அது இப்ப குழியாக் கெடக்குது. அந்தக் குழிக்குப் பதிலா கையில இருக்கறது இந்த வேலை ஒண்ணுதான். அதையும் வுட்டுட்டா எனக்கு என்னா மிச்சம்? சொல்லு!"

பவித்ராவிடமிருந்து பதில் இல்லை.

"சொல்லுங்கறேன்ல!"

'டமார்' என்று ஏதோ தரையில் விழுந்தது.

"ஐயோ, அடிச்சிட்டாருங்க!" காந்திமதி கையில் கிடைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டால் உறை மோர் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தெய்வசிகாமணியும் பின்னாலேயே ஓடினார்.

கதவைத் திறந்தது பவித்ராதான். அழுத முகமாகத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் குமரவேல். காலடியில் ஒரு பெரிய குடை விழுந்து கிடந்தது. இரண்டு பிள்ளைகளும் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வசிகாமணி மூச்சு வாங்கினார். "தம்பி, இது நல்லால்ல. அந்தப் பொண்ணு வேலைய விடறதும் விடாததும் அது இஷ்டம். புள்ளைங்கள வச்சுகிட்டு இப்படியா கத்தறது?"

குமரவேல் திருதிருவென்று விழித்தார். பெரியவள் மலர்விழிதான் எழுந்து வந்து குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தாத்தா கொடைய கீழ போடவே மாட்டாருப்பா. இருமவும் மறந்துட்ட. மறுபடி மொதல்லேருந்து பேசு."

பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேலைய விடப்போறது நான் இல்லக்கா, இவரு. மாமா, இவங்கப்பா, காடாம்புலியூர்லேருந்து வந்துகிட்டிருக்காரு. அவர் முன்னாடி நின்னா இவருக்கு வாயே வராது. அதான் இவரு மாமா மாதிரி கேக்கறாரு, நான் இவரு மாதிரி பதில் சொல்லிக் குடுக்கறேன்."

குமரவேல் தலைத்துண்டை அவிழ்த்தார். "மத்ததெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சுண்ணே. அந்தத் தோப்பு கேள்விக்குத்தான் இவளுக்கும் பதில் வரல."

தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து யோசித்தார், அவருக்கும் வரவில்லை. படிக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள், பெரியவர் டவுன்ஷிப் வாசலிலுள்ள ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்.