பரபாஸ் வேஷம்

"ஜெயிலுக்குப் போய் வந்த மனுஷனுக்குக் கைதி வேஷமா? உங்க நெஞ்சுக்குள்ள இருக்கிறது மனசா, கத்திரிக்கோலா?"

பஸ் டிரைவரின் மனைவி தையல் கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

தையல்காரர் அசையவில்லை. சபையின் ஈஸ்டர் நாடகத்துக்குக் கதை, வசனம், டைரக்ஷன், துணிமணி எல்லாம் அவர்தான். வாய் நிறையக் குண்டூசி.

"அளவெடுத்தாச்சும்மா. இனிமே மாத்த முடியாது."

"அந்தக் கொள்ளைக்காரன் பரபாஸ்! இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிட்டு, தான் விடுதலையாகி வீட்டுக்குப் போனவன்! அதுக்கு வேற முகரையே கிடைக்கலையா?"

"கிடைச்சுது. யாருக்கும் சட்டை பத்தலை."

டிரைவர், மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். சிறையிலிருந்து வந்ததிலிருந்து அவன் நிற்கிற இடமே அதுதான்.

ஒரு மழை விடியலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டான். ஓர் இமைப்பொழுதுதான். சைக்கிளில் வந்த வாலிபன் போய்ச் சேர்ந்தான். ரொட்டிக்கடைக்காரரின் ஒரே மகன்.

தண்டனை முடிந்தது என்று கதவைத் திறந்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் கண்ணை மூடினால் போதும், அந்தப் பஸ் இன்னும் பிரேக் பிடித்துக்கொண்டே மழைக்குள் மிதந்து போகிறது. நிற்கிற பாடில்லை.

ரொட்டிக்கடைத் தெருப் பக்கமே அவன் போவதில்லை. ஆலயத்திலும் கடைசி பெஞ்சு. ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே எழுந்து நழுவிவிடுவான்.

"நடிக்கிறேன் அண்ணே," என்றான் மெல்ல. "எனக்குப் பொருத்தமான வேஷந்தான்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரும் சேர்ந்து அடித்துக்கொண்டது. 'டெய்லருக்குக் கல்நெஞ்சுப்பா' என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு.

ஈஸ்டர் காலை. ஆராதனை முடிந்த கையோடு நாடகம். சபை மண்டபம் நிரம்பி, ஜன்னலெல்லாம் தலைகள்.

தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற தேசாதிபதி பிலாத்து வேஷம் பல் டாக்டருக்கு. நாள் பூராவும் கை கழுவிப் பழகினவர், ஒத்திகையே தேவைப்படவில்லை. இயேசுவாக ஆஸ்பத்திரி கம்பவுண்டர். எதிரே முக்காடும் தலைப்பாகையுமாக ஜனக்கூட்டம்.

டிரைவரை நிஜக் கயிற்றால் கட்டி இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

"யாரை நான் உங்களுக்கு விடுதலை பண்ண வேண்டும்?" என்று கேட்டார் பிலாத்து.

'பரபாஸை!' என்று கூட்டம் கத்த வேண்டிய இடம். கத்தவில்லை.

ஒத்திகைக்கு டிரைவர் வந்ததே இல்லை. அவன் இடத்தில் ஒரு துடைப்பத்தை நிறுத்தி வைத்துத்தான் பழகினார்கள். துடைப்பத்தை விடுதலை பண்ணச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு, ஆளைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பிலாத்து மறுபடி கேட்டார்.

டிரைவருக்கு மண்டபமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பறந்த தூசிகூட அப்படியே நின்றுவிட்டது. எனக்காக யார் கேட்கப் போகிறார்கள் என்று தலையை இன்னும் குனிந்துகொண்டான். உள்ளே அந்தப் பஸ் மிதக்க ஆரம்பித்தது.

"அவனை விட்டுடுங்க!"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். வசனத்தில் இல்லாத பேச்சு. ரொம்ப காலம் மூடிக்கிடந்து திறந்த கதவு மாதிரி கரகரவென்று வந்தது.

"விட்டுடுங்கய்யா! போதும், விட்டுடுங்க!"

அவ்வளவுதான், மடை உடைந்தது. கூட்டம் கத்தியது. பார்க்க வந்தவர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். மண்டபத்தின் தகரக் கூரை ஒரு விரற்கடை மேலே எழும்பி, சற்றே ஒருக்களித்து மறுபடி உட்கார்ந்தது. நம்பாதவர்கள் ஏணி வைத்து ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். பிலாத்து கை கழுவ மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கயிறு அவிழ்ந்து காலடியில் விழுந்தது.

கம்பவுண்டர் சிலுவையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவனைக் கடந்தார். 'அது என்னுதுங்க' என்று சொல்ல டிரைவர் வாயெடுத்தான்.

"நான் பாத்துக்கிறேன். நீ வீட்டுக்குப் போ."

அவன் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் கம்பவுண்டரைக் கேட்டால், அந்த இடத்தில் தனக்கு வசனமே கிடையாது, வாயே திறக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

மழைக்குள் மிதந்த பஸ் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. நின்றது. என்ஜின் அடங்கி, கதவு திறந்துகொண்டது. டிரைவர் படியிறங்கினான். மேடைப் படியா, பஸ் படியா, அவனுக்கே தெரியவில்லை.

கல்லறை திறந்து, இயேசு வெள்ளை உடையில் எழுந்து வந்து, எல்லாரும் பாடி முடித்த பிறகு மனைவி தையல்காரரைத் தேடித் திரைக்குப் பின்னால் வந்தாள். இவன் அவளுக்குப் பக்கத்தில் நின்றான், பின்னால் அல்ல.

"அண்ணே, அன்னைக்குக் கடை வாசல்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இவ்வளவு நல்ல மனசோட குடுத்திருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு."

"அன்னைக்குத் திட்டினதும் விலாசம் தப்பு, இன்னைக்குப் பாராட்டுறதும் விலாசம் தப்பும்மா," என்றார் தையல்காரர், துணிகளை மடித்தபடி.

"முதல்ல கத்தினது யாருண்ணே?" என்றான் டிரைவர்.

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார்.

"இந்த வேஷத்தை உனக்குத்தான் குடுக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னவர். நம்ம ரொட்டிக்கடை அண்ணன். 'கூட்டத்துல நிக்க எனக்கும் ஒரு முக்காடு தைச்சுக் குடுப்பா. அவனைக் கட்டின கயித்தோட மறுமுனை என் கையிலதான் இருக்கு. நானும் எவ்வளவு நாள்தான் பிடிச்சிக்கிட்டே நிக்கிறது?'ன்னாரு."