இரண்டு போர்வைகள்

ஆளுயரப் புது ஸ்பீக்கர்கள் இரண்டையும் பூங்கோதையின் கூடத்தில் நிறுத்திப் பாட்டை ஓடவிட்ட கடைக்காரர் மகுடபதி, விளம்பரத்துக்குப் படமெடுக்க செல்போனை உயர்த்தினார். நடுவே அவளுடைய பழைய ப்ரீஆம்ப் கண்ணை உறுத்தியது. ஒலியைச் சீராக்கி அனுப்பும் மலிவு விலைப் பெட்டி. மூடியை ரப்பர் பேண்டுதான் பிடித்திருந்தது. ஆனாலும் பாட்டு அதற்குள் புகுந்துதான் ஸ்பீக்கருக்குப் போயாக வேண்டும்.

“இதையும் மாத்திருங்க மேடம். பட்டு வேட்டிக்கு ஹவாய் செருப்பு போட்டாப்ல இருக்குதுங்க.”

“பாட்டு நல்லால்லையா?”

“பாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. படத்துக்குத்தான் ஆகாது. ஒரு துணியப் போட்டு மூடிரட்டுங்களா?”

பூங்கோதை உள்ளே போனாள். இரண்டு போர்வைகளோடு வந்தாள். ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் தலையோடு போர்த்திவிட்டாள். பாட்டு கொஞ்சம் அமுங்கியது. நடுவில் ப்ரீஆம்பின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

“இப்ப எடுங்க.”