வரேன்னு சொல்லு

பனியாற்றைக் குட்டி விமானம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கோடைக் காலையில். ஆள் நடமாட்டமே இல்லாத மலைகளுக்கு நடுவே அவள் மெலிந்து, நீலம் பாரித்துக் கிடந்தாள். விமானத்தைத் தும்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னும் இருமல் நிக்கலையா, தும்பி?"

"என் எஞ்சினே அப்படித்தான். சரி, போயிட்டு வரேன்."

"நானும் போறேன்."

"போறேன்னு சொல்லாதே. வரேன்னு சொல்லு."

"எனக்கு மலையிறங்கத்தான் தெரியும். ஏறி வரத் தெரியாதே."

"எனக்காக ஒரு தடவை சும்மாவாவது சொல்லேன்."

அவள் சிரித்தாள். பனி விரிசல் விடும் சத்தம் கேட்டது. கடைசிவரை அவள் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் விமானம் அதே வழியில் தாழ்ந்து பறந்து, "வந்துட்டேன்" என்றது. ஒரு வட்டம் சுற்றி, மறுபடியும் சொன்னது.

அவள் கிடந்த இடத்தில் இப்போது ஓர் ஏரி இருக்கிறது.