நடுக்கோடு

மாகாணங்களை மொழிவாரியாகப் பிரிக்கும் கமிஷன் மறுநாள் காலையில் வருகிறது. இரண்டு மொழிக்காரர்களும் கலந்து வாழும் அந்த ஊரின் சந்தைத் திடலில், சர்வேயர் தெய்வசிகாமணி நூல் பிசகாமல் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தார். விடிந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் இன்னொன்று. கை கழுவி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் திடலில் ஒரே புழுதி. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஊர் சடுகுடுவுக்கு இறங்கிவிட்டது. வழக்கம்போல இந்தப் பக்கம் கல்யாணமானவர்கள், அந்தப் பக்கம் ஆகாதவர்கள்.

"ஐயோ, கோடு! கோடு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

"சாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றது ஒரு குரல்.

"இன்னும் இல்லப்பா..."

அந்தப் பக்கம் விசில் பறந்தது. அவரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமானவர் அணியிலிருந்து கெம்பையா, தன் மொழியில் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு வந்தான். யானை உடம்பு. எல்லோரும் மேலே விழுந்து அமுக்கினார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டே ஊர்ந்துபோய்க் கையை நீட்டினான். நீட்டிய இடத்தில் கோடு இல்லை. மிதிபட்டுத் திடலில் எங்குமே இல்லை.

"தொட்டாச்சு!" "தொடல!" இரண்டு மொழியிலும் சண்டை. கடைசியில் எல்லா முகங்களும் ஒருவர் பக்கம் திரும்பின.

"நீங்கதான சார் போட்டீங்க? கோடு எங்க இருந்துச்சு, சொல்லுங்க."

கெம்பையாவின் கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கியிருந்த தெய்வசிகாமணி, வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"இன்னும் ரெண்டு முழம் தள்ளிய்யா! ஆள் அவுட்டு!"